விரலுக்குச் சரியான பானா

சூசைமாணிக்கம் பதினெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தார். சொந்தமாக ஒரு ஸ்பேனர்கூட அவரிடம் இருந்ததில்லை. கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் பம்பாயில் காரேஜ் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சாதாரணம். சாமான் எல்லாம் முதலாளி சேட்டுடையது. காலையில் பலகையிலிருந்து எடுக்க வேண்டும், சாயங்காலம் துடைத்துப் பலகையில் மாட்ட வேண்டும். ஆள் கொண்டுவர வேண்டியது இரண்டு கை மட்டும். அந்தக் கைகளைச் சூசை ஒரு நாளும் வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை. காய்ச்சலானாலும் போனார், ரயில் ஓடாத மழையிலும் நடந்தே போனார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு அவர் வேலை பார்த்த காரேஜை மூடிவிட்டார்கள். சேட் செத்துப்போயிருந்தார். மகன்களுக்கு கிரீஸ் வாடையே ஆகாது. பலகையோடு சாமான்களை எடைபோட்டு யாருக்கோ தள்ளிவிட்டு, ஆட்களுக்கும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த தன் ஒற்றை அறைக்குச் சூசை அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கே வந்து சேர்ந்தார். பகல் வெளிச்சத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வயது நாற்பத்தாறு. பார்த்தால் அறுபது சொல்லலாம். வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டை மாட்டும்போது இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டும். கோயிலில் சிலுவை போடும்போது, மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் இவர் கை நெற்றிக்கே போய்ச் சேரும். இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் வருவதுதான் என்று அவர் நினைத்திருந்தார். கூட வேலை பார்த்த நான்கு பேரும் அப்படித்தான் தோளைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

மனைவி ரோசம்மா சயானில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. ஊரார் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, புருஷன் தோளுக்கு எண்ணெய் தேய்ப்பது அவளுக்குப் பல வருஷத்துப் பாடு. அவளுக்கும் அலுத்துவிட்டது. காரேஜ் மூடிய நான்காம் நாளே ஒரு கோடவுனில் வாட்ச்மேன் வேலை இருப்பதாக விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற வேல. கதவப் பாத்துக்கிட்டா போதும். இந்த நட்டும் போல்ட்டும் போதுங்க. இன்னும் எத்தன நாளைக்கு உங்கள நான் எண்ணெயில ஊறப்போடுதது?"

சூசைக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். அவரைக் கொண்டுபோய் ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்த்தினால் என்ன செய்வார்? கதவு சத்தம் போடுமா, கோளாறு சொல்லுமா?

"ஒரே ஒரு வண்டி பாக்கேன் ரோசம்மா. அது சரியா வரலேன்னா நீ சொல்லுத இடத்துல போயி உக்காந்துக்கிடுதேன்."

அவள் சம்மதித்தாள். வேளாங்கண்ணி மாதா படத்தைக் காட்டிச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். புருஷன் வார்த்தையை மட்டும் நம்புகிறவள் இல்லை அவள்.

அந்த ஒரு வண்டி பிரம்மநாயகத்துடையது. செம்பூர்க்காரர், மூன்று ஃபியட் டாக்ஸிக்குச் சொந்தக்காரர், பழைய காரேஜுக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்தவர். சூசை போய் நின்றபோது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"ஒரு வண்டியில ஹெட் கேஸ்கட் போயிருக்கு வேய். திங்கக்கிழம கொண்டாந்து நிறுத்துதேன். ஒழுங்காப் பண்ணித் தந்தீருன்னா மூணையும் நீரே பாத்துக்கிடும். ஆனா ஒண்ணு. அடுத்தவன் பானாவ இரவல் வாங்கிட்டு வந்து நிக்கப்படாது. பாதி வேலையில அவன் வந்து கேட்டான்னா என் வண்டி நடுத்தெருவுல கெடக்கும். சொந்தச் சாமான் இருந்தா சொல்லும்."

"இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார் சூசை. இல்லாததை இருக்கிறது என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதற்கே அவருக்குக் காது சூடாகிவிட்டது.

பம்பாய் காரேஜ்களில் ஸ்பேனருக்குப் பெயர் பானா. நட்டின் மேல் தொப்பிபோலக் கவிழ்கிற சாக்கெட்டுக்குப் பெயர் கோட்டி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "குர்லாவுக்குப் போயி பானாவும் கோட்டியும் வாங்கிட்டு வாறேன்" என்றார் சூசை. நெல்லைப் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம் அல்லவா? "அத எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? உங்ககிட்டதான் ஏற்கெனவே இருக்கே" என்றாள் ரோசம்மா. இருவரும் சிரித்தார்கள். அந்த மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

குர்லா ஸ்டேஷனுக்குப் பின்புறம் பழைய இரும்பு விற்கிற வரிசையில் முகம்மது ஹனீபின் கடை இருந்தது. கடையநல்லூர்க்காரர். கடை என்றால் நாலு தகரமும் ஒரு சாக்குப் படுதாவும்தான். உள்ளே பானாக்கள் குவியலாகக் கிடந்தன. மூடிய மில், உடைத்த கப்பல், நொடித்த காரேஜ் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

"வாங்க மிஸ்திரி. என்ன வண்டிக்கு?" என்றார் ஹனீப்.

"ஃபியட்டுக்கு பாய். ஒரு ஆளு தனியா வேல பாக்க என்னென்ன வேணுமோ அது."

ஹனீப் குவியலைத் தொடவே இல்லை. பின்னாலிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தார். வளைய வாய் வைத்த ரிங் பானாக்கள், எட்டாம் நம்பரிலிருந்து இருபத்திரண்டு வரை. கோட்டிகள் ஒரு தகரப் பெட்டியில் வரிசையாக நின்றன. "மில்லு ஸ்டோர்ல கெடந்த ஜெர்மன் மால். ரெண்டு தடவகூட மாட்டியிருக்க மாட்டான்."

இந்த இடத்தில் சூசையின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேட்டின் காரேஜில் பானாவின் மேல் பொறித்திருந்த எண்கள் என்றைக்கோ தேய்ந்துபோயின. அதனால் ஆட்கள் விரலை விட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். சுண்டுவிரல் முதல் கணுவரைக்கும் ஏறிச் சுழன்றால் அது பதினாலு. ஆள்காட்டி விரல் ஏறிச் சுழன்றால் பதினேழு. பெருவிரல் நகம் மறைந்தால் இருபத்திரண்டு. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது கையில் வந்தது எது என்று விரல் சொல்லிவிடும். அதில் சூசையை மிஞ்ச ஆள் கிடையாது. பேசிக்கொண்டே விரலை விட்டு எடுத்து, பார்க்காமலே எண்ணைச் சொல்லுவார். மற்றவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

ஜெர்மன் பானாவில் பதினேழு என்று பளிச்சென்று போட்டிருந்தது. சூசை ஆள்காட்டி விரலை விட்டார். பாதியில் பிடித்தது. பதினாலை எடுத்தார். சுண்டுவிரல் ஏறியது, ஆனால் சுழலவில்லை.

"என்ன பாய், எல்லாம் இறுகுது?"

"இறுகுனா நல்லதுதானே மிஸ்திரி?"

"எனக்கே வேல சொல்லித் தாறியளா? பதினெட்டு வருசம் இந்த விரல வச்சித்தான் பொழச்சிருக்கேன்."

வாங்க வந்தவனிடம் வாதாடி எந்த வியாபாரி தேறியிருக்கிறான்? ஹனீப் பொட்டலத்தை மறுபடி சுற்றி வைத்துவிட்டுக் குவியலைக் கையால் காட்டினார்.

சூசை குவியலுக்கு முன்னால் குந்திவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, விரலை விட்டு, பிடித்ததை வலது பக்கம் எறிந்தார். லேசாகச் சுழன்றதை இடது பக்கம் சேர்த்தார். பத்துக்கு மூன்று, பதிமூன்றுக்கு இரண்டு, பதினேழுக்கு மட்டும் நான்கு, ஏனென்றால் ஃபியட்டில் அதுதான் அதிகம் புழங்கும். கோட்டிகளையும் அப்படியே தேர்ந்தார். ஹனீப் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், சொல்லாமல் டீ வரவழைத்துக் கொடுத்தார். விலையும் சூசை பயந்த அளவு இல்லை. கித்தான் பை நிறைந்து கனத்தது. இடது தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தபோது, அலுத்துப்போன உடம்பிலும் ஒரு நிமிர்வு வந்திருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் தன் தொழிலுக்கான சாமானைத் தானே வாங்கியிருக்கிறான். சந்தோஷப்படாமல் என்ன செய்வான்?

திங்கட்கிழமை காலையில் லேபர் கேம்ப் முனையில், சுவரோரமாக டாக்ஸி வந்து நின்றது. பிரம்மநாயகம் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு ஜோலி இல்லை என்பதல்ல, ஆளைச் சோதிக்க வந்திருந்தார். சூசை சாக்கு விரித்துப் பானாக்களைப் பரப்பினார். எஞ்சின் தண்ணீரை இறக்கினார், குழாய்களைக் கழற்றினார். பிறகு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கிற நட்டுகளுக்கு வந்தார்.

பதினேழு நம்பர் கோட்டியைக் கவிழ்த்தார். கொஞ்சம் ஆடியது. ஆடட்டுமே! சட்டைப் பையிலிருந்து, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்து நட்டுக்கும் கோட்டிக்கும் நடுவில் செருகினார். அது சூசையின் கைவேலை. எவ்வளவு கனத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் செருக வேண்டும் என்று காரேஜில் எல்லாரும் அவரிடம்தான் கேட்பார்கள். பிளேடுத் துண்டு இல்லாமல் அவர் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. இடது காலை பம்பரில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, தோளைக் கொடுத்து இழுத்தார்.

காரேஜில் இப்படி இழுக்கும்போது இன்னொரு ஆள் கூடப் பிடிப்பான். இங்கே யாரும் இல்லை. பிளேடு தெறித்தது, கோட்டி கிரீச்சென்று சுற்றிக்கொண்டது, சூசையின் விரல்முட்டி போய் இரும்பில் இடித்தது. நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. இன்னொரு கோட்டி, இன்னொரு பிளேடு, அடுத்த நட்டு. அதுவும் அப்படியே ஆனது. தோளில் யாரோ ஆணி அறைகிறாற்போல் இருந்தது.

பிரம்மநாயகம் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "என்னவே சூசை, கல்லு மாதிரி நின்ன நட்ட உருட்டிப்போட்டீரே. ரெண்டு உருட்டிட்டீரு. மொத்தத்தையும் உருட்டிட்டு அப்புறம் உளி வச்சு வெட்டுவீரா?"

சேட்டின் காரேஜில் அப்படித்தான் செய்வார்கள். உருண்ட நட்டை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, புது நட்டுக்கும் பில் போடுவார்கள்.

"நாளைக்கி மத்தியானத்துக்குள்ள ஹெட்டு எறங்கியிருக்கணும். இல்லேன்னா கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருவேன். பழைய பழக்கத்துக்காக இன்னொரு நாளு தாறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார் பிரம்மநாயகம்.

சூசைக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ரத்தம் கசிந்த முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு குர்லாவுக்குப் போனார். ஹனீபின் கடை வாசலில் பையை அப்படியே கவிழ்த்தார்.

"மட்ட மாலத் தலையில கட்டிட்டீரே பாய். ஊர்க்காரன்னு நம்பி வந்தேன். என் பொழப்பே போச்சு."

ஹனீப் கோபப்படவில்லை. ஒரு பதினேழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மட்ட மாலுதான் மிஸ்திரி. நான் எங்க தலையில கட்டுனேன்? நல்லதத்தான மொதல்ல எடுத்துப் போட்டேன். நீங்கதான் இறுகுது இறுகுதுன்னு தள்ளி வச்சிய. ரெண்டு மணி நேரம் உக்காந்து, கடையில எதெல்லாம் வாய் தேஞ்சி விரிஞ்சி போச்சோ அதையெல்லாம் ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டுப் போனிய. ஏதோ தேஞ்ச நட்டுக்கு வாங்குதாரு போலன்னு நெனச்சேன்."

சூசைக்குப் புரியவில்லை. ஹனீப் ஒரு புது போல்ட்டை வைஸில் பிடித்து இறுக்கினார். சூசை தேர்ந்தெடுத்த கோட்டியை அதன் தலையில் கவிழ்த்து ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. பிறகு எண்ணெய்த்துணியைப் பிரித்து ஜெர்மன் கோட்டியை எடுத்துக் கவிழ்த்தார். அது உட்கார்ந்தது. ஆட்டினார், ஆடவில்லை.

"புடிச்சிப் பாருங்க."

சூசை பிடித்துப் பார்த்தார். போல்ட்டும் கோட்டியும் ஒரே இரும்பாக இருந்தன. எடுத்துக் கவிழ்த்து, மறுபடியும் எடுத்துக் கவிழ்த்தார். பிளேடு செருக இடமே இல்லை. ஒரு முடியைக்கூடச் செருக முடியாது.

"அந்தக் காரேஜ்ல கடைசியாப் புதுசு வாங்குனது எப்ப?" என்றார் ஹனீப்.

"ஃபியட்டு வந்த புதுசுல ஒரு செட்டு வாங்குனாரு. அதோட சரி."

"நீங்க யாரும் கேக்கலியா?"

சூசை யோசித்தார். கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. பானா நழுவினால் கை சரியில்லை என்றுதான் ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். நழுவாமல் பிடிக்கிறவன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினான். அந்தப் பெயரை அதிகமாக வாங்கியவர் சூசைதான். சேட் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போவார். அவருக்கு என்ன நஷ்டம்? தேய்ந்தது அவருடைய இரும்பு மட்டுமா?

ஹனீப் முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றிக்கொடுத்தார், ஆனால் கொடுத்தார். நல்ல சாமானுக்கு விலை அதிகம் என்பதால் பை பாதியாக இளைத்துவிட்டது. ரிங் பானா சில, கோட்டி சில, அதைத் திருப்பும் ஒரே ஒரு கைப்பிடி. பதினேழு நாலுக்குப் பதிலாக ஒன்று. "இது போதும் மிஸ்திரி. ஒழுங்கா இருந்தா ஒண்ணு போதும்" என்றார். கடையை விட்டு இறங்கும்போது சூசை சுண்டுவிரலைப் பதினாலுக்குள் விட்டுப் பார்த்தார். இறுகியது. அந்த விரல் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் ரோசம்மா முட்டியில் சுற்றிய துணியைப் பார்த்தாள். "சரியா வரலியா?" என்று கேட்டாள். குரலில் வெற்றி இல்லை. பாவம், அவளுக்கும் இது ஜெயிக்கிற விஷயமாக இல்லை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தவணை இருக்கிறது என்றார் சூசை. எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பிரம்மநாயகம் ஒரு கயிற்றையும் கொண்டுவந்திருந்தார். ஸ்டூல் வாங்கவில்லை, நின்றுகொண்டார். சூசை முந்தைய நாள் உருண்ட இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது நட்டுக்குப் போனார். கோட்டியைக் கவிழ்த்தார். பழக்கத்தில் இடது காலை பம்பரில் முட்டுக்கொடுத்தார். பல்லைக் கடித்தார். தோளுக்குள் வரப்போகிற வலிக்கு உடம்பு முழுவதையும் தயாராக்கிக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்தார்.

நட்டு டக்கென்று சின்னதாக ஒரு சத்தம் போட்டுத் திரும்பிவிட்டது. அவ்வளவு பலம் அதற்குத் தேவையே இல்லை. இழுத்த வேகத்தில் சூசை பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

அடுத்த நட்டுக்குக் காலை முட்டுக்கொடுக்கவில்லை. திரும்பியது. அதற்கடுத்ததற்கு மூச்சைப் பிடிக்கவில்லை. திரும்பியது. தோள் சும்மா இருந்தது. கை மட்டும் போய்வந்தது. உருண்ட இரண்டுக்கும் கோட்டியைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். முரண்டு பிடித்தன, பிறகு அவையும் வந்துவிட்டன. பத்து மணிக்கெல்லாம் ஹெட்டு சாக்கின் மேல் இருந்தது. பழைய காரேஜில் அது இரண்டு ஆள், ஒரு பகல் வேலை.

பிரம்மநாயகம் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முகத்தில் தாராளமாகச் சிரிப்பு வந்தது. "ஏ அப்பா! இப்பல்லா வேல பாத்திருக்கீரு. மத்த ரெண்டு வண்டியையும் வியாழக்கிழமையிலேந்து ஒவ்வொண்ணா அனுப்புதேன். நீரே பாத்துக்கிடும்."

இதைக் கேட்பதற்காகத்தான் சூசை இத்தனையும் பட்டார். இனி கோடவுன் கதவு இல்லை, நாற்காலி இல்லை. துள்ள வேண்டாம், ஒரு கும்பிடாவது போட்டிருக்கலாம். அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோட்டி இன்னும் கையிலேயே இருந்தது. பதினெட்டு வருஷத்து அலுப்பு மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து அவர் மேல் உட்கார்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்னவே? வேலதான் ஆயிட்டுல்லா? பொறவு எதுக்கு அழுதீரு?" பிரம்மநாயகம் பதறிப்போய்க் குனிந்தார்.

சூசை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இவ்வளவு லேசான வேலையா அண்ணாச்சி? ஒருத்தரும் சொல்லலியே."